மாமா கணினியை அணைக்கப்போகும் புதன்கிழமை

செழியா,

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தூத்துக்குடிக்கு எத்தனை பேர் வருகிறோம், முகூர்த்தப் புடவைக்கு எந்தக் கரை எடுத்தோம், உன் அப்பாவுக்கு எந்தச் சட்டையும் ஏன் பிடிக்கவில்லை என்பதெல்லாம் போனில் சொல்லியாயிற்று. போனில் சொல்ல முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத் தனியாக உனக்கு மட்டும் எழுதவும் என்னால் முடியவில்லை. ஏனென்றால் நான் உன்னைத் திட்டியது பொதுவில். உலகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கக்கூடிய ஓர் இடத்தில், அழிக்க முடியாதபடி, அது கிடக்கிறது. பொதுவில் திட்டிவிட்டு வீட்டுக்குள் வந்து வருத்தம் தெரிவிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அச்சாகி வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும் என்பதால் உனக்கு இன்றே ஒரு பிரதி அனுப்புகிறேன். நீ கூச்சப்படுவாய் என்று தெரியும். எனக்கும் கூச்சம்தான்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். என் தம்பி ரவி, உன் ஒரே தாய்மாமன், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அட்டை அடிக்கும் கடை வைத்திருக்கிறான். பட்டுத்தறியில் கரையிலும் முந்தானையிலும் உருவங்கள் விழ வேண்டுமானால், எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த ஓட்டை போட்ட அட்டைகள்தான். ஓர் ஓட்டை தவறினால் கரை முழுக்க அதே தவறு திரும்பத் திரும்ப வரும். ரவியின் மெஷின் ஒரு பழைய கணினியோடு இணைந்தது. கணினிக்குள் செருகியிருக்கும் ஒரு போர்டுதான் அட்டையில் ஓட்டை போடும் குத்தூசிகளை இயக்குகிறது. அந்த போர்டு இன்றைய கணினிகள் எதிலும் பொருந்தாது. கணினியின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண் இருக்கும், நினைவிருக்கிறதா? அது நான் வேலை பார்க்கும் கல்லூரியின் ஆய்வக எண். உதிரி பாகம் கிடைப்பதில்லை, இனிப் பயன்படாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கண்டம் செய்தவள் நான். அது காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து ரவி கடைக்கு வந்து சேர்ந்தது. பயன்படாது என்று நான் எழுதிக்கொடுத்த பிறகு பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அதை ஓடவைத்தவன் நீ. கல்லூரி மூன்றாம் வருஷ விடுமுறையில், வைரஸ் வந்து படுத்துப்போன கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தைப் போட்டாய். அந்த போர்டோடு பேச ஒரு நிரலும் எழுதினாய். அந்த நிரலை அந்த இயங்குதளத்தை உருவாக்குகிறவர்களுக்கே அனுப்பினாய், அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ அந்தக் கூட்டத்திலேயே ஒருவனாகிவிட்டாய் என்பதை நான் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. "ஒரு ப்ராஜெக்ட்மா, எல்லாரும் சும்மா சேர்ந்து பண்றோம்" என்பாய். சும்மா செய்கிற வேலையை யாராவது சனி ஞாயிறெல்லாம் உட்கார்ந்து செய்வார்களா என்று நான் நினைத்தேன். எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது என் சுபாவம். சந்தேகப்படுகிறவள் கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். நான் சந்தேகப்பட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவி வீட்டுக்கு வந்தான். போனில் ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினான்.

"அக்கா, இனிமே இந்த மாதிரி பழைய கம்ப்யூட்டருக்கெல்லாம் நாங்க பொறுப்பு இல்லன்னு போட்டுட்டானுங்கக்கா."

"யாரு?"

"யாருன்னு தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வரேன்? எவனோ வெள்ளைக்காரன். புதுசா வர்றதுல நம்ம போர்டே இருக்காதாம். படிச்சு சொல்லு."

படித்தேன். முப்பத்திரண்டு பிட் என்கிற பழைய ரகக் கணினிகளுக்கான ஆதரவை நிறுத்துகிறோம், அவற்றோடு சேர்ந்த பழைய போர்டுகளுக்கான நிரல்களையும் நீக்குகிறோம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று மரியாதையாக எழுதியிருந்தது. கீழே இரண்டே ஆங்கில எழுத்தில் ஒரு பெயர்.

"செழியன்கிட்ட கேட்டியா?"

"போன் பண்ணிக்கினே இருக்கேன். மொதல்ல பாக்கறேன் மாமான்னான். அப்புறம் எடுக்கவே இல்ல. மாப்பிள்ளை ஆவப்போறாரு, நம்ம போன எடுப்பாரா?" என்று சிரித்தான். "நீயே ஒன்னு எழுதுக்கா. கம்பத்த மாத்தச் சொல்லி ஈபி ஆபீஸுக்கு எழுதினியே, அந்த மாதிரி. காட்டமா எழுது. படிச்சவன் எவனும் தூங்கக்கூடாது."

இந்தக் குடும்பத்துக்கு மனு எழுதுகிறவள் நான்தான். முசரவாக்கத்தில் கூலி வேலை செய்த எங்கள் அப்பா அம்மா வைத்த பெரிய நம்பிக்கை, இவள் படித்துவிட்டாள், இனி நமக்காக எழுதுவாள் என்பது. ரேஷன் கார்டிலிருந்து பட்டா வரைக்கும் எழுதியிருக்கிறேன். மனுவில் எதிரே இருப்பவர் முகம் தெரியக்கூடாது என்பது நான் பழகிக்கொண்ட முறை. முகம் தெரிந்தால் வேகம் குறையும். அன்றைக்கும் முகம் தெரியாத யாருக்கோ எழுதுவதாக நினைத்து, வரிசை எண் போட்டு, ஐந்து பத்தி எழுதினேன். பயன்படுத்துகிறவனை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். புதிய கணினி வாங்க முடிந்தவர்களுக்காக மட்டும் உழைப்பதற்கு இலவசம் என்று ஏன் பெயர் என்றேன். நான்காவது பத்தியில், வசதியான நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவன் பிழைப்பை நீக்குகிற உங்களில் யாராவது கைத்தொழில் செய்கிற ஒருவனின் கடைக்குள் ஒரு நாளாவது கால் வைத்ததுண்டா என்று கேட்டேன். ரவி பெயரைப் போட்டு அவன் போனிலிருந்தே யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய அவர்களுடைய மின்னஞ்சல் மடற்குழுவுக்கு அனுப்பினேன். தமிழில் சொல்லிக் காட்டியபோது ரவி தொடையைத் தட்டினான். "செத்தானுங்க. டீ போடு."

எனக்கும் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் பதில் வந்துவிட்டது. கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் ரவி கடைக்குப் போனேன். அவன் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. அந்த போர்டுக்கான நிரலை நீக்கியது வேறு யாருமில்லை, நான்தான். பழைய பதிப்பு காப்பகத்தில் இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதில் ஏதாவது கெட்டால் சரிசெய்ய ஆள் இருக்க மாட்டார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. கணினியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சூடாகும். நிரலை மறுபடி ஏற்றும்போது மூன்றாவது குத்தூசி ஒட்டிக்கொள்ளும், விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

அந்த வரியைச் சொல்லி முடித்து அடுத்த வரிக்குப் போய்விட்டேன். ரவி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான்.

"மூணாவது ஒட்டும்னு அவனுக்கு எப்படிக்கா தெரியும்?"

நான் திரையிலிருந்து நிமிரவில்லை. கீழே அந்த இரண்டு எழுத்து. அந்தக் கடைக்குள் ஒரு நாளாவது கால் வைத்ததுண்டா என்று நான் கேட்டிருந்த ஆள், அந்தக் கடையின் தரையில் பதினேழு நாள் உட்கார்ந்து, அந்த ஊசியைத் தட்டித் தட்டி நிரல் எழுதியவன்.

"எல்லா மெஷின்லயும் அப்படித்தான் இருக்கும்போல" என்றேன். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் சொன்ன பொய் அவ்வளவுதான்.

"ஓ" என்றான் ரவி. துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். "மிச்சத்தப் படி." மிச்சம் இரண்டு வரிதான் இருந்தது. படித்தேன்.

ரவி பெயரில் இருந்தாலும் எழுதியது நான் என்று கடைசி வரியில் உனக்குத் தெரிந்திருக்கும். என் மனு எல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: இதைத் தங்கள் கருணைக்காக அல்ல, கவனத்துக்காக எழுதுகிறேன். உன் பள்ளிக்கூட நாட்களில் என் மனுக்களைத் தட்டச்சு செய்து தந்ததே நீதான். "இந்த வரி ரொம்ப ஓவர்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே அடிப்பாய். அந்த வரியைக் கடல் தாண்டி ஓர் ஊரில், அலுவலகம் முடிந்து வந்து, நீ படித்திருக்கிறாய். அம்மா, இது நான்தான் என்று ஒரு வரி எனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல் ஐயா என்று போட்டுப் பதில் எழுதினாய். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நான் சங்கடப்படுவேன் என்று நினைத்திருப்பாய். அதுவும் என்னிடமிருந்து வந்த குணம்தான். நம் வீட்டில் ஒருவரையொருவர் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காக எத்தனையோ விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு நான் செய்தது சரியா தெரியாது. அந்த மடற்குழுவில் உன் இரண்டு எழுத்தைத் தேடி, நீ எழுதியது எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். பொதுவில் இருப்பதுதான். என்றாலும் உன் பையைத் துழாவுவது போலத்தான் இருந்தது. எனக்குத் தெரியாத ஒருவன் அங்கே இருந்தான். பொறுமையானவன், நகைச்சுவையாகக்கூடப் பேசுகிறவன். எந்த ஊரிலிருந்தோ ஒருவர் தன் பழைய கணினியில் இது ஏறவில்லை என்று எழுதினால், அதைச் செய்து பாருங்கள், இதைச் செய்து பாருங்கள் என்று ஏழெட்டு மடல் எழுதியிருக்கிறாய். உன்னோடு பழைய கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான ஒருவர் உடல்நிலை காரணமாக விலகியதும் எல்லாம் உன் தலையில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு உன் மடல்கள் சுருங்குகின்றன. நகைச்சுவை நிற்கிறது. "உங்களுக்கு ஒரே ஒரு நாள் வேலைதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னொருவரும் எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே ஒரு நாள்தான் வேண்டியிருக்கிறது. ஒருவர் உன்னைச் சோம்பேறி என்று எழுதியதற்குக்கூட நீ நன்றி என்று முடித்திருக்கிறாய். நான்கு மாதத்துக்கு முன்னால், இதை இனி என்னால் தனியாகச் செய்ய முடியவில்லை, யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா, ஒரு மாதம் காத்திருக்கிறேன் என்று ஒரு மடல். மற்ற மடல்களுக்குக் கீழே பத்து இருபது பதில்கள் இருக்கின்றன. அந்த மடலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அந்த மாதத்தில் நீ வாராவாரம் என்னிடம் பேசினாய். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாய். மழையா என்றேன், ஆமாம் என்றாய்.

நான் ஒன்று செய்து பார்த்தேன், சிரிக்காதே. அந்த மடலுக்குக் கீழே, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதலாமா என்று நினைத்தேன். கணிதம் படித்தவள்தானே, ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறவள்தானே என்று ஒரு தைரியம். புதிதாகச் சேருகிறவர்களுக்கான வழிகாட்டியை அச்செடுத்து வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தேன். முதல் நாள் மூன்று பக்கம் புரிந்தது. இரண்டாம் நாள் அந்த மூன்று பக்கமும் தப்பாகப் புரிந்திருந்தது தெரிந்தது. நான்காம் நாள் மூடி வைத்தேன். உன் அப்பா எட்டிப்பார்த்து, "பரீட்சை எப்போ?" என்றார். பையனுக்கு ஆறுதலாக ஒரு வரி எழுதுவதற்குக்கூட அந்த இடத்தில் எனக்குத் தகுதி இல்லை. அங்கே நான் எழுதியதாக இருப்பது, அதுவும் ரவி பெயரில், அந்த ஐந்து பத்திதான்.

ஒரு பக்கம் சரி, இன்னொரு பக்கம் தப்பு என்று எழுதிப் பழகியவளுக்கு இது பெரிய தண்டனை. உன் முடிவை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆள் இல்லாத வேலையை ஆள் இருப்பது போலக் காட்டிக்கொண்டிருப்பது ஏமாற்று. நான் கண்டம் செய்தபோது எழுதிய காரணத்தைவிட நீ எழுதிய காரணம் நேர்மையானது. கிடைப்பதில்லை என்று எழுதிய உதிரி பாகத்தை நான் தேடிப் பார்க்கவே இல்லை. அதே நேரம் ரவியையும் குறை சொல்ல முடியவில்லை. அவன் செய்ததெல்லாம், நீ போட்டுக்கொடுத்ததை நம்பியதுதான். புதிய மெஷின் வாங்கிக்கொள் என்று சொல்வது சுலபம். சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்ப்பது சுலபமில்லை.

இதைச் சொல்லாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது. ரவியின் கணினி ஐந்து மாதமாக அணைக்கப்படவே இல்லை. உள்ளே எல்லாம் பதிவாகியிருக்கும் வட்டு ஒரு மாதிரி கரகரவென்று சத்தம் போடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "ஓடற வரைக்கும் ஓடும் சார். அணைச்சு ஆறிடுச்சுன்னா மறுபடி சுத்தாது" என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பகத்திலிருந்து பழைய பதிப்பை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதை வேறொரு பழைய கணினியில் போட்டுப் பார்த்த அதே மெக்கானிக், "இத மொதல்ல போட்டவரே வந்தாத்தான் ஆவும்மா" என்று கைவிரித்துவிட்டார். அதனால் மின்சாரம் போனால் இன்வெர்ட்டர், அதற்கு ஒரு கூடுதல் பேட்டரி என்று ஏற்பாடு செய்து ரவி அதை ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறான். ஆனால் ஆள் இல்லாத கடையில் ஓடவிட முடியாது. சத்தம் போடுகிற பழைய மெஷின், சந்து முழுக்க வீட்டுக்கு வீடு பட்டு. ஒரு பொறி போதும். உன் கல்யாணத்துக்கு அவன் நான்கு நாள் கடையைப் பூட்ட வேண்டும். தாய்மாமன் மாலை போடாமல் கல்யாணம் ஏது?

உன்னை ஒரே ஒரு நாள் முன்னதாக வரச்சொல்லிக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. சென்னையில் இறங்கி, காஞ்சிபுரம் வந்து, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. கேட்க போனை எடுத்த அன்றைக்குத்தான் அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று கவனித்தேன். ஒரே ஒரு நாள். போனை வைத்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு நீயாக டிக்கெட்டை மாற்றாதே. உனக்குக் கிடைத்திருப்பதே ஆறு நாள் லீவு. அதில் மூன்று நாள் அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியது.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்கிறேன், அறிவுரை என்று வைத்துக்கொண்டாலும் சரி. உனக்கு முடியவில்லை என்பதை நான் ஒரு பொது மடற்குழுவில், மற்றவர்களோடு மற்றவளாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அவளுக்கு அந்த நிலைமை வரவேண்டாம். முடியவில்லை என்றால் அன்றைக்கே, சமையலறையில் நின்றுகொண்டே, அவளிடம் சொல்லிவிடு. அவளால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். என்னாலும் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது. ஆனாலும் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருப்பேன். ரவி மாமாவின் போனை எடுக்காமல் விட்டாயே, அதுவும் அந்த வகைதான். கெட்ட செய்தியைத் தெரியாத ஆட்களுக்கு அவ்வளவு மரியாதையாகச் சொல்லத் தெரிந்த உனக்கு, வீட்டு ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை. இதை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். குத்திக்காட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இது அச்சில் வந்தால் ரவி படிப்பான். அதனால் நேற்று அவன் கடைக்குப் போய், இதுவரை எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. நடுவில் இரண்டு முறை எழுந்து போய் அடித்த அட்டைகளை அடுக்கிவிட்டு வந்தான்.

"அன்னிக்கே தெரியும்க்கா" என்றான். "மூணாவது ஊசின்னு நீ படிச்சதுமே தெரிஞ்சிடுச்சு. நீ எல்லா மெஷின்லயும் அப்படித்தான்னியா, சரி அக்காவுக்குத் தெரியவேணாம்னு விட்டுட்டேன்."

"கோவமில்லையா?"

"யார் மேல கோவப்படறது? அந்தப் பையன் மேலயா?" மெஷினைப் பார்த்தான். "நாம அனுப்பினத அழிக்க முடியாதா?"

"முடியாது."

"ச்சே. செத்தானுங்கன்னு வேற சொன்னேன்." பிறகு, "இதுல ஒரு தப்பு இருக்குதுக்கா. இப்ப அஞ்சாவதும் ஒட்டுது. அத அவனுக்கு எழுதாத" என்றான்.

எழுதாதே என்றதை எழுதிவிட்டேன். சொல்லாமல் விடுவதில் என்ன ஆகிறது என்று இந்த வயதில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை மாலை ரயில். மதியம் வரைக்கும் அட்டை அடித்துவிட்டு, நான்கு மணிக்கு அணைக்கப்போகிறான். நானும் அங்கே இருப்பேன். இருந்து ஆவது ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவன் உனக்கு மாலை போடும்போது கொஞ்சம் குனிந்துகொள், உன் தோள் அவனுக்கு எட்டாது. அவனிடம் மன்னிப்பெல்லாம் கேட்க ஆரம்பிக்காதே, அந்தக் கூட்டத்தில் அவன் அழுதுவிடுவான். மெஷின் எப்படி இருக்கிறது மாமா என்றும் கேட்காதே. கேட்டால், "ஓடிக்கினு இருக்குதுப்பா" என்பான். அப்போது அது அணைந்து இரண்டு நாள் ஆகியிருக்கும்.

அம்மா